எந்த ஊரில் மழை?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது.

“சார்... மழை பெஞ்சிருக்கு சார்!”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மொட்டை மாடிக் கொடியில் துணியெல்லாம் அப்பளமாக முறுகிக் கிடந்தது. வானத்தில் மேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பொட்டுக்கூட இல்லை.

“யாருங்க பேசுறது?”

“நாந்தேன் சார், பெருமாள்சாமி. மழை பெஞ்சது நெசந்தானாம். கோர்ட்டுல தீர்ப்பே குடுத்துட்டாக!”

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெய்த மழைக்கு இம்புட்டு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும், அந்த மழை பெய்யவே இல்லை என்று கேஸ் போட்டவரே அவர்தான்!

குழப்பமாக இருக்கிறதா? எங்கள் வக்கீலுக்கே குழப்பமாகத்தான் இருந்தது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு ஆனி மாதம். சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். விமான டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். (என் செலவு என்றால் ரயில்தான், அதுவும் மேல் பெர்த் கிடைத்தால் உத்தமம்.) காலைப் பத்து மணி விமானம். கம்பெனி பெயர் வேண்டாம் - நாளைக்கு மறுபடியும் அதில் ஏற வேண்டியிருக்கும்.

மதுரை ஏர்போர்ட் ஹாலில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். கஞ்சி போட்ட வேட்டி, சலவைச் சட்டை, மடியில் ஒரு ரெக்ஸின் பை. பை முழுக்கக் கருப்பட்டி மிட்டாய் வாசனை. முதல் விமானப் பயணம் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பயமெல்லாம் இல்லை.

“ரெண்டு இஞ்சினா சார்? எம்புட்டு ஹெச்.பி. இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. பேரையூர்க்காரராம். மதுரையில் பம்ப்செட் கடை. மேற்கே பாதி ஊர்க் கிணற்றில் ஓடுவது தன் கடை மோட்டார்தான் என்றார். பெருமையாக இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

பத்து மணி ஆயிற்று. விமானம் வரவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண், “ஆபரேஷனல் ரீசன்ஸ் சார், இன்னும் அரை மணி நேரம்” என்றாள். அரை மணி கழித்துப் போய்க் கேட்டால், மறுபடியும் ஒரு அரை மணி. இந்த அரை மணிக்கு இருக்கிற ஆயுசு வேறு எதற்கும் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா?

நான் பூத்துக்குப் போய் வீட்டுக்கு போன் செய்தேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரா. திரும்பி வந்து உட்கார்ந்தபோது பெருமாள்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சௌராஷ்டிராவா?”

“ஆமா.”

அதுவரைக்கும் என் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? கொஞ்ச நேரம் ரெக்ஸின் பையின் ஜிப்பை இழுத்து மூடித் திறந்து கொண்டிருந்தவர், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்க ஆளுக வீட்டுக்கு வேத்துப் பொண்ணு மருமகளா வந்தா... எப்படி வச்சுக்குவாக சார்?”

அப்புறம் எல்லாம் வந்தது. ஒரே மகள், பானு. கம்ப்யூட்டர் படித்தாள். கூடப் படித்த பையனை விரும்பினாள். பையன் எங்கள் ஆள். அப்பா மறுத்தார். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. மூன்று வருஷமாக மகளோடு பேச்சு கிடையாது. இப்போது, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் தடுமாறாமல் பார்க்கிற ஒய்-டூ-கே வேலை என்று பையனை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி இருவரும் சென்னையிலிருந்து கிளம்புகிறார்கள். திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது.

“என் வீட்டுக்காரி ரெண்டு நாளைக்கு முன்னாலயே பஸ் ஏறிப் போய்ட்டா. நான் வரலன்னுட்டேன். பானுவே கடைக்கு போன் போட்டு, ‘ஒரு வாட்டி பார்த்துட்டுப் போறேன், வாங்கப்பா’ன்னா. அதுக்கும் ஒண்ணும் சொல்லாம போனை வச்சுட்டேன். இன்னைக்கி விடியக்காலம் முழிப்பு வந்துச்சு. பல்லு வெளக்கையிலயே மனசு கேக்கல. பஸ்ஸுல போனா பொழுது சாஞ்சிரும், பிளேன்ல போனா மத்தியானச் சோத்துக்குப் போயிறலாம்னு இங்க வந்து டிக்கெட் எடுத்தேன். வாரேன்னு அவளுக்குச் சொல்லல. திடீர்னு போயி நிப்பம்னு...”

நான் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். “எங்க வீட்டுக்கும் அப்படி ஒரு மருமக வந்திருக்கா. முதல் வருஷம் பாஷை புரியாம முழிச்சா. இப்ப எங்க பாஷையிலயே எங்களைத் திட்டுறா.”

சிரித்துவிட்டார்.

மத்தியானம் வந்தது; போனது. விமானம் மட்டும் வரவில்லை. மூன்று மணி வாக்கில் கவுன்ட்டர் பெண் எழுந்து நின்று அறிவித்தாள். “பேட் வெதர். ஃப்ளைட் கேன்சல்.”

மொத்த ஹாலும் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்தது. பளீரென்று வெயில். பெருமாள்சாமி எழுந்து போனார்.

“எங்கம்மா வெதர் சரியில்ல? இங்கதான் வெயில் பொளக்குதே!”

“மேலிடத்துல சொன்னாங்க சார்.”

“மேலிடம்னா? வானத்துலயா?”

பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நேராக பூத்துக்குப் போய் சென்னைக்கு போன் போட்டார். நாத்தனார் வீட்டில் இருந்தாள் பானு. பூத்துக் கதவு சரியாகச் சாத்தாது. வாசலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

“பானு, அப்பா பேசுறேன்... இல்லம்மா, ஏர்போர்ட்ல இருக்கேன். வரத்தான் கெளம்புனேன். மழையாம், பிளேனை நிப்பாட்டிட்டாக... அங்கயா? அங்க வெயிலா?... இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன்... பானு...”

ரிசீவரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அப்புறம் மெதுவாக வைத்தார். வெளியே வந்தவர் என்னிடம் சொன்னார்:

“‘வர இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிருக்கலாம்ப்பா. மழை மேல ஏன் பழி போடுறீங்க’ன்னுட்டா சார்.”

“சாயங்காலம் பஸ் இருக்கு. நான் அதுலதான் போறேன். நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டேன்.

“அவ பிளேன் ராத்திரி ஒம்போது மணிக்கு சார். பஸ்ஸு போய்ச் சேர விடிஞ்சிரும். இனிமே யாருக்காகப் போறது?”

கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்துவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் எழுதுகிற பத்திரிகையில் என் முகவரி கேட்டுக்கொண்டு, ஒரு மாசம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே ஒரு இளம் வக்கீல் - நிர்மலா என்று பெயர். அவர் கடையில் மோட்டார் வாங்கிய யாரோ ஒருவரின் மகளாம்.

“பிளேன் கம்பெனி மேல கேஸ் போடப் போறேன் சார். நீங்க ஒரு சாட்சி.”

“டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்துட்டாங்களே?”

“காசு வந்துருச்சு. எம்பேச்சு போச்சே! வாழ்நாள்ல எம்மககிட்ட நான் பொய் சொன்னதில்ல. திட்டியிருக்கேன், பேசாம இருந்திருக்கேன், பொய் சொன்னதில்ல. இவுக சொன்ன பொய்யை நான் அவகிட்ட சொல்லி, இப்ப நான் பொய்யன். மழை பெய்யல, வேற காரணம்னு இவுக ஒத்துக்கணும். நான் அங்கதான் இருந்தேன்னு எழுதிக் குடுக்கணும்.”

நான் கேட்டேன்: “பானுகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லலாமே?”

“ஆதாரம் இல்லாம என்னத்தைப் பேசுறது?”

அப்பா மகளிடம் பேச ஆதாரம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் என் வீட்டிலேயே அப்படி இரண்டு பேர் உண்டு. பெயர் சொன்னால் இந்தப் பத்தியை எழுதவிட மாட்டார்கள்.

ஆக, மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் கேஸ் பதிவானது. கம்பெனி பதில் போட்டது - “மோசமான வானிலை, இது எங்கள் கையில் இல்லை.” அவ்வளவுதான்.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதை யாரும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கக் கூடாது. அது கோபப்படக் கூடாது, மறுக்கக் கூடாது, சம்பளம் கேட்கக் கூடாது. மழையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? கல்யாணத்துக்குப் போகாதவர்கள், ரோடு போடாதவர்கள், பாக்கி கொடுக்காதவர்கள்... நம் ஊரில் பெய்யாத மழையின் தலையில்தான் எத்தனை பாரம்!

நிர்மலா கெட்டிக்காரி. சென்னை வானிலை அலுவலகத்தில் அலைந்து, அன்றைக்கு அங்கே மழை இல்லை என்று எழுதி வாங்கிவிட்டாள். மதுரைக்கும் அப்படியே. அன்று பகலில் வேறு கம்பெனி விமானங்கள் சென்னையில் இறங்கி ஏறியதையும் கண்டுபிடித்து வந்தாள். கேஸ் இரும்புக் கோட்டையாக நின்றது.

நடுவில் கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. சென்னைக்குப் போக வர இலவச டிக்கெட், தம்பதி சமேதராக. அதைச் சொல்ல வந்த அதிகாரி நல்ல மனிதர்தான், டை எல்லாம் கட்டியிருந்தார். பெருமாள்சாமி கேட்டார்:

“எம்மக இப்ப மெட்ராஸ்லயா இருக்கா?”

வந்தவர் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாய்தா மேல் வாய்தா. நானும் ஒரு நாள் போய் என் பங்குக்குப் பிரமாண வாக்குமூலம் கொடுத்தேன். பெருமாள்சாமி ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் மனைவி ராஜம்மாள் மட்டும் மாதம் ஒருமுறை பூத்துக்குப் போய் மகளோடு பேசிவிட்டு வருவார். வந்து, “பானு நல்லா இருக்காளாம்” என்பார். இவர் “ம்” என்பார். இந்த “ம்”மோடு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கடைசி விசாரணை அன்று நானும் போயிருந்தேன். நிர்மலா பிரமாதமாகப் பேசினாள். “மதுரையில் மழை இல்லை. சென்னையில் மழை இல்லை. இடையில் எங்கே சார் மழை?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். மன்றத் தலைவர் எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார்.

“சொல்லுங்க. எந்த ஊர்ல மழை?”

அந்த வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார். பக்கத்தில் இருந்த டைக்காரரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அப்புறம் நிமிர்ந்தார்.

“பம்பாய்லங்க.”

“பம்பாய்லயா? இவர் மதுரையிலிருந்து மெட்ராஸ் போறவர். பம்பாய் எங்கய்யா நடுவுல வந்துச்சு?”

“அந்த விமானம் காலையில பம்பாய்ல இருந்து புறப்பட்டு, மெட்ராஸ் வந்து, அங்கிருந்துதான் மதுரைக்கு வரணும். அன்னைக்கு பம்பாய்ல பேய் மழை. ரன்வேயை மூடிட்டாங்க. விமானம் கிளம்பவே இல்லை. அதுக்கான ரிக்கார்டு இருக்கு.”

தலைவர் ரிக்கார்டை வாங்கிப் பார்த்தார். “இதை அன்னைக்கே பயணிகள்கிட்ட சொன்னீங்களா?”

“பேட் வெதர்னு சொன்னோம்ங்க.”

“எந்த ஊர்னு சொன்னீங்களா?”

“அது... சொல்லலைங்க.”

நிர்மலா முகம் வாடிவிட்டது. பாதிக் கோட்டை சரிந்துவிட்டதே! ஆனால் கடைசி பெஞ்சில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஐயா... நெசமாவே மழை பெஞ்சுச்சுங்களா?”

“நீங்க உட்காருங்க.”

“இல்லைங்கய்யா, இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பெஞ்சது நெசந்தானா?”

“ரிக்கார்டுல அப்படித்தான் இருக்கு. உட்காருங்க.”

பெருமாள்சாமி உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வந்ததும் நிர்மலா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, என்ன பண்றீங்க? நம்ம கேஸே மழை பெய்யலைங்கறதுதான்! அவங்க பெஞ்சதுன்னு நிரூபிச்சுட்டா நாம தோத்துப்போவோம்.”

“தோத்தாத் தோக்கட்டும் வக்கீலம்மா. மழைன்னு நான் பானுகிட்டச் சொன்னது பொய்யில்லைல? அம்புட்டுத்தேன்!”

நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

தீர்ப்பு வந்த அன்றுதான் அந்த போன். மழைக்குக் கம்பெனி பொறுப்பில்லை; ஆனால் எங்கே மழை என்று சொல்லாமல், இதோ அதோ என்று பயணிகளைப் பிற்பகல்வரை உட்கார்த்தி வைத்தது சேவைக் குறைபாடு; காலையிலேயே சொல்லியிருந்தால் அவர் கார் பிடித்துப் போயிருக்க முடியும் - இப்படி எழுதி, ஒரு சிறு தொகை நஷ்டஈடாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. அதில் ஒரு வரியை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டார். மனுதாரர் அன்று காலையிலிருந்து விமான நிலையத்தில் காத்திருந்ததை எதிர்த்தரப்பும் மறுக்கவில்லை என்கிற வரி.

அப்புறம் போனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இதற்காகவே ஐ.எஸ்.டி. வசதிக்கு எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தாராம். “அவ நம்பலைன்னா நீங்கதான் சார் பேசணும்” என்று என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். ராஜம்மாள் நம்பரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ரிசீவரிலிருந்து பானுவின் ‘ஹலோ’ எனக்கே கேட்டது.

“பானு... அப்பா பேசுறேன்.”

“அப்பாவா?”

“ஆமா. தீர்ப்பு வந்துருச்சும்மா. அன்னைக்கு மழைதான். பம்பாய்ல. பிளேன் அங்கயே நின்னுபோச்சு. நான் காலையில இருந்து ஏர்போர்ட்டுலதான் இருந்திருக்கேன், கோர்ட்டே எழுதியிருக்கு. சாட்சி சொன்ன சார் பக்கத்துலயே இருக்காக, குடுக்கவா?”

“வேணாம்ப்பா. பம்பாய்ல மழைன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நாங்களும் பம்பாய் போய்த்தான மாறணும்? அதே மழையில எங்க பிளேனும் நின்னுபோச்சு. ராத்திரி கெளம்ப வேண்டியது, நல்லா விடிஞ்ச பெறகுதான் எடுத்தாங்க. கோவத்துல உங்களை அப்படிப் பேசிட்டேன். ஆனா எப்படியும் பஸ்ஸைப் புடிச்சாவது வந்துருவீங்கன்னு, விடியிற வரைக்கும் ஏர்போர்ட் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்ப்பா.”

பெருமாள்சாமி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“உனக்கு இது தெரியுமா?”

ராஜம்மாள் தலையசைத்தார். “பக்கத்துலதான உக்காந்திருந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா தாங்குவீகளா?”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். செருப்பை மாட்டும்போதுதான் அது உறைத்தது. அன்று சாயங்காலம் நான் ஏறிய பஸ், விடியற்காலையில் மீனம்பாக்கம் ஏர்போர்ட் வாசல் வழியாகத்தான் போனது. அந்தப் பெண் உள்ளே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நான் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்து சீட் மதுரையிலிருந்தே காலி.

யார் மேல் குற்றம் சொல்வது? கம்பெனி ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. மகள் நம்பவில்லை. அப்பா பஸ் ஏறவில்லை. ராஜம்மாள் வாயைத் திறக்கவில்லை. நுகர்வோர் மன்றம் இதில் முதல் குறைபாட்டுக்கு மட்டும்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மற்றதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. நம் வீடுகளில் பாதிக்கு மேல் வழக்குகள் அந்த எல்லைக்கு வெளியேதான் நிலுவையில் இருக்கின்றன - ஒரு போன் போட்டால் முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரிந்தபடியே.

போன வாரம் அவர் கடைப் பக்கம் போயிருந்தேன். டெலிபோன் பில் வந்துவிட்டதாம். கம்பெனி கொடுத்த நஷ்டஈடு முழுக்க அந்த ஒரு போனுக்கே சரியாகப் போய்விட்டதாம்.

அதிலும் பாதி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம்.